ஆற்றுக்கு விட்ட தண்ணீர் போதுமா? ஐஎச்ஏ மென்பொருள் பற்றி ஒரு மதிப்புரை

ஆற்று நீரைப் பங்கிடும் திட்டம் எதைப் புரட்டினாலும் அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: ஆற்றில் எந்நேரமும் குறைந்தது இத்தனை கன அடி ஓட வேண்டும். அந்த ஒரு வரி ஆற்றைக் காப்பாற்றுமா என்று சோதித்துப் பார்க்க நான் பல வருடங்களாக ஐஎச்ஏ என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். முழுப்பெயர் ‘இண்டிகேட்டர்ஸ் ஆஃப் ஹைட்ராலஜிக் ஆல்டரேஷன்’. ஆற்றின் இயல்பான ஓட்டம் எவ்வளவு மாறிப்போயிருக்கிறது என்று காட்டும் கருவி. அமெரிக்காவின் ‘தி நேச்சர் கன்சர்வன்சி’ அமைப்பு இலவசமாகத் தருகிறது. இதற்கு அடிப்படையான முறையை பிரையன் ரிக்டரும் சகாக்களும் 1996-இல் வெளியிட்டார்கள். நான் ஓட்டுவது 2009-இல் வந்த 7.1 பதிப்பு. விண்டோஸில் மட்டும் ஓடும், முகப்பும் அந்தக் காலத்து முகப்புதான். இருந்தாலும், நீர்ப் பங்கீட்டு விதி ஒன்றை மதிப்பிட உட்காருகிற யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். எதற்கு உதவும், எங்கே நம்பக் கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இது கேட்பது மிகக் கொஞ்சம். ஒரு பத்தியில் தேதி, அடுத்த பத்தியில் அன்றைய சராசரி நீரோட்டம். அணை கட்டிய வருடத்தையோ புதிய பங்கீடு நடைமுறைக்கு வந்த வருடத்தையோ சொல்லிவிட்டால், அதற்கு முன், அதற்குப் பின் என்று பதிவை இரண்டாகப் பிரித்து 33 அளவுகளைக் கணக்கிட்டுத் தரும். பன்னிரண்டு மாதங்களின் நீரோட்டம் தனித்தனியாக வரும். வருடத்தின் மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த ஓட்டம் 1 நாள், 3 நாள், 7 நாள், 30 நாள், 90 நாள் சராசரிகளாக வரும். ஆறு முற்றிலும் வறண்ட நாட்கள் எத்தனை, எந்தத் தேதியில் உச்சம் தொட்டது, எந்தத் தேதியில் அடிமட்டத்துக்குப் போனது, ஏற்றங்களும் தாழ்வுகளும் எத்தனை முறை வந்து எத்தனை நாள் நின்றன, தண்ணீர் ஏறிய வேகம் என்ன, இறங்கிய வேகம் என்ன, ஏறுமுகம் இறங்குமுகமாக எத்தனை தடவை மாறியது என்பதெல்லாம் இதற்குள் அடக்கம்.

இத்தனை எண்கள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆற்றில் வாழும் உயிர்களுக்கு மொத்தத் தண்ணீர் மட்டும் போதாது. முட்டையிடக் கிளம்பும் மீனுக்கு வெள்ளம் எந்த வாரத்தில் வருகிறது என்பது முக்கியம். மதகைச் சட்டென்று மூடினால் கரையோரப் பள்ளங்களில் மீன்குஞ்சுகள் சிக்கிச் சாகும், அதனால் இறங்கும் வேகம் முக்கியம். வண்டல் படிந்த கூழாங்கல் பரப்பைக் கழுவிவிட வருடத்தில் ஓரிரு முறையாவது பெரிய நீர் வந்தாக வேண்டும். நீரோட்டத்தின் அளவு, எத்தனை முறை, எத்தனை நாள், எந்தக் காலத்தில், என்ன வேகத்தில் மாறுகிறது என்ற ஐந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று லீராய் போஃப் முதலானோர் 1997-இல் எழுதினார்கள். சுற்றுச்சூழல் நீரோட்டம், அதாவது ஆற்றின் உயிர்களுக்காக ஆற்றிலேயே விட வேண்டிய ஓட்டம், பற்றிய இன்றைய பேச்சு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஐஎச்ஏவின் 33 அளவுகளும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

இதற்கு முன்னால் கையில் இருந்த முறைகளோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். 1976-இல் டொனால்ட் டென்னன்ட் வெளியிட்ட முறை இன்றும் பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. வருடச் சராசரி நீரோட்டத்தில் 10 சதவீதம் இருந்தால் மீன்கள் கொஞ்ச காலம் உயிரோடு தாக்குப்பிடிக்கும், 30 சதவீதம் இருந்தால் வாழிடம் நன்றாக இருக்கும், 60 சதவீதம் இருந்தால் மிகச் சிறப்பு என்பது அதன் சாரம். டென்னன்ட் மான்டானா, வயோமிங், நெப்ராஸ்கா மாநிலங்களில் 11 ஓடைகளில் 58 குறுக்குவெட்டுகளை அளந்து இந்த முடிவுக்கு வந்தார். அவர் இறங்கி அளந்தவர், அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பருவத்துக்குப் பருவம் அவர் வேறு வேறு சதவீதம் சொன்னதை விட்டுவிட்டு, 10 சதவீதத்தை மட்டும் பிய்த்தெடுத்து, பனி உருகி ஓடும் ஆறுகளுக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில் நிரந்தர அளவாக ஆக்கிவிட்டார்கள். இன்னொன்று 7க்யூ10: பத்து வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய, ஏழு நாள் சராசரியின் மிகத் தாழ்ந்த ஓட்டம். கழிவுநீரைக் கலந்துவிடும்போது அது நீர்த்துப்போக எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று கணக்கிட வந்த அளவு அது. அதையே மீனுக்குப் போதுமான தண்ணீர் என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். மிகக் கொடிய வறட்சி வருடத்தின் ஓட்டத்தை எல்லா வருடத்துக்குமான சாப்பாடாக நிர்ணயிக்கிற வேலை அது.

சரி, ஐஎச்ஏ உண்மையில் எதைக் கண்டுபிடிக்கும்? ஓர் எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்வோம். எண்கள் எளிமைக்காக நான் வைத்தவை, விதி மட்டும் நிஜமானது. 2008-இல் நியூசிலாந்தில் ஒரு தேசிய நியதி முன்மொழியப்பட்டது. ஒவ்வொரு வருடமும் ஏழு நாள் சராசரியில் மிகத் தாழ்ந்த ஓட்டத்தை எடுத்து, அவற்றின் சராசரியைக் கணக்கிடுங்கள். சராசரி ஓட்டம் விநாடிக்கு 5 கன மீட்டருக்கு மேல் உள்ள ஆறு என்றால் அந்தத் தாழ்வுச் சராசரியில் 80 சதவீதம் ஆற்றின் குறைந்தபட்சம், 50 சதவீதம் எல்லோரும் சேர்ந்து எடுக்கக்கூடிய உச்சவரம்பு. அதைவிடச் சிறிய ஓடைகளுக்கு 90 சதவீதமும் 30 சதவீதமும். குறைந்தபட்சம், உச்சவரம்பு என்று இரண்டு திருகுகளையும் வைத்ததில் இது பல விதிகளைவிட மேலானது. பெரும்பாலான இடங்களில் குறைந்தபட்சம் மட்டும் எழுதியிருக்கும், மொத்தம் எவ்வளவு எடுக்கலாம் என்று ஒரு வார்த்தை இருக்காது.

நம் ஆற்றின் தாழ்வுச் சராசரி 100 கன அடி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் குறைந்தபட்சம் 80, எடுக்கும் உரிமை 50. இயற்கையாக 130 கன அடியும் அதற்கு மேலும் வரும் நாளில் எல்லோருக்கும் முழுப் பங்கு கிடைக்கும். 130-க்குக் கீழே போனால் 80-ஐ விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்வார்கள். 80-க்குக் கீழே போய்விட்டால் யாரும் தொடக் கூடாது. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இதைத் தினசரி ஓட்டப் பதிவின் மேல் ஓட்டிப் பாருங்கள். கோடையின் 30 நாள் தாழ்வு ஐந்து வருடங்களில் 92, 104, 118, 121, 127 என்று இருந்தது, அந்த நாட்களின் ஓட்டம் 80-க்கும் 130-க்கும் இடையிலேயே இருந்தது என்று கொள்வோம். விதி வந்த பிறகு ஐந்து வருடமும் 80, 80, 80, 80, 80. ஒரு நாள்கூட விதி மீறப்படவில்லை. ஆய்வுக்கு வருகிற அதிகாரி கேஜை, அதாவது ஆற்றில் நீர்மட்டம் அளக்கும் கருவியை, பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடலாம். ஆனால் ஆறு வாரக்கணக்கில் ஒரே மட்டத்தில், கோடு போட்டதுபோல் நிற்கிறது. நல்ல வருடத்துக்கும் சுமாரான வருடத்துக்கும் இருந்த வித்தியாசமே போய்விட்டது. மீன்களுக்கு ஒரு நல்ல வருடம் வந்தால்தான் முந்தைய கெட்ட வருடத்தின் இழப்பு ஈடாகும். இங்கே நல்ல வருடம் என்பதையே விதி எடுத்துக்கொண்டது.

இந்த விஷயம் ஐஎச்ஏ அறிக்கையில் எங்கே தெரியும் என்பதுதான் முக்கியம். மழைக்கால மாதங்களின் வரிசையைப் பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. 2,000 கன அடி ஓடும்போது 50 எடுத்தால் என்ன தெரியும்? கடும் வறட்சி வருடங்களின் 1 நாள் தாழ்வைப் பார்த்தாலும் எதுவும் மாறியிருக்காது, ஏனென்றால் 65 கன அடிக்குப் போன வருடத்தில் யாரும் எடுக்கவே இல்லை, முன்னும் 65, பின்னும் 65. இந்த இரண்டையும் மட்டும் பார்க்கிறவர் விதியைப் பாஸ் போட்டுவிடுவார். 30 நாள் தாழ்வு என்ற வரிசைக்கு வந்தால்தான் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது தெரியும். அதே வரிசையில் இடைநிலை எண்ணுக்கு (எல்லா வருட எண்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) பக்கத்தில், வருடத்துக்கு வருடம் எவ்வளவு விரிந்து கிடக்கிறது என்று காட்டும் ஓர் எண் இருக்கும். அது பூஜ்யத்தை நோக்கி விழுந்திருக்கும். நான் அறிக்கையைத் திறந்ததும் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். இடைநிலை குறைந்திருக்கிறது என்றால் தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். விரிவு சுருங்கியிருக்கிறது என்றால் ஆற்றின் இயல்பே போயிருக்கிறது.

இதே ஆற்றுக்கு வேறொரு விதி போட்டுப் பார்க்கலாம். 80-க்கு மேல் வரும் தண்ணீரில் பாதி ஆற்றுக்கு, பாதி பாசனத்துக்கு, உச்சவரம்பு அதே 50. இப்போது ஐந்து வருடங்களும் 86, 92, 99, 100.5, 103.5 என்று வருகின்றன. ஆறு குறைந்துதான் இருக்கிறது, ஆனால் ஏறி இறங்குகிறது. விலை என்ன? முன்பு இயற்கை ஓட்டம் 130 இருந்தாலே முழுப் பங்கு கிடைத்த விவசாயிக்கு இனி 180 இருந்தால்தான் கிடைக்கும். அது சிறிய விஷயம் இல்லை. பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் இரண்டு வாரம் தண்ணீர் பாதியானால் என்ன ஆகும் என்று அவரைக் கேட்டால் சொல்வார். ஆகவே இந்த இரண்டு விதிகளின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தெந்த நாட்களில் யாருக்கு எவ்வளவு குறைகிறது என்ற கணக்கையும் சேர்த்து மேஜையில் போட்டுப் பேச வேண்டும்.

இந்தப் பங்கீட்டுக் கணக்கை ஐஎச்ஏ செய்யாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விதியை ஓட்டும் வேலை உங்களுடையது. எக்செல் போதும்: ஒவ்வொரு நாளுக்கும் இயற்கை ஓட்டம், விட வேண்டியது, எடுக்க முடிந்தது, மிச்சம் என்று நான்கு பத்திகள். மிச்சம் என்ற பத்தியை எடுத்து ஐஎச்ஏவில் போட வேண்டும். நீர்த்தேக்கமும் பல கால்வாய்களும் சேர்ந்த பெரிய படுகை என்றால் அதற்கென்று உள்ள உருவகப்படுத்தும் மென்பொருள் வேண்டும். யாருக்கு முன்னுரிமை என்பது அங்கேதான் நுழையும்.

தரவு பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் தவறான முடிவுகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. எனக்கு ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கோப்பில் ஓரிடத்தில் வரிசையாக 3,000, 0, 2,700 என்று இருந்தது. வெள்ளத்துக்கு நடுவே ஒரு நாள் ஆறு வற்றி மறுநாள் மறுபடி பெருகாது. கேஜ் படிக்காத நாட்களின் வெற்றிடத்தில் யாரோ பூஜ்யம் நிரப்பியிருந்தார்கள். அதை அப்படியே உள்ளே விட்டால் வறண்ட நாட்களின் எண்ணிக்கை எகிறும், 1 நாள் தாழ்வு பூஜ்யமாகும், இறங்கும் வேகம் நம்ப முடியாத அளவுக்குப் போகும். அதுவும் அணைக்கு முந்தைய காலத்தில் இப்படி இருந்துவிட்டால், ‘அந்த ஆறு முன்பும் அடிக்கடி வற்றித்தான் கிடந்தது’ என்று அறிக்கை சொல்லும். ஆற்றுக்கு எதிராக இதைவிடப் பெரிய பொய் சாட்சி வேறில்லை. கோப்பு கைக்கு வந்ததும் ஒரு வரைபடம் போட்டுக் கண்ணால் முழுக்க ஓட்டிப் பாருங்கள், அதற்கப்புறம்தான் மென்பொருள்.

வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டால் ஐஎச்ஏ இரு பக்கத்து எண்களையும் நேர்கோட்டால் இணைத்து நிரப்பிக்கொள்ளும். கோடையில் மூன்று நாள் விட்டுப்போனால் அது பரவாயில்லை. ஆனால் கேஜ் அடித்துச் செல்லப்படுவது பெரும்பாலும் பெரிய வெள்ளத்தில்தான். அந்த உச்சம் பதிவிலேயே இருக்காது, நேர்கோடு அதன் மேல் பாலம் போட்டுவிடும். அத்தகைய வருடத்தை உச்ச அளவுகளின் கணக்கிலிருந்து விலக்கிவிடுவதே நல்லது.

தாழ்வுகளுக்கு வேறு சிக்கல். கேஜில் படிப்பது நீர்மட்டம். அதை ஓட்டமாக மாற்றுவது ரேட்டிங் கர்வ். கோடையில் மணல் நகர்ந்தாலும், பாசியும் களையும் வளர்ந்தாலும் அதே மட்டத்துக்கு ஓட்டம் வேறாக இருக்கும். 80 கன அடி என்று எழுதப்பட்ட நாளில் ஆற்றில் 70 ஓடியிருக்கலாம், 90-ம் ஓடியிருக்கலாம். குறைந்தபட்ச ஓட்டம் என்ற விதி முழுவதும் நிற்பது அளப்பதற்கு மிகக் கடினமான அந்தப் பகுதியில்தான். கோடையில் ஆற்றில் இறங்கி, நீரின் வேகத்தை அளக்கும் கரண்ட் மீட்டரால் அளந்த பதிவு இருக்கிறதா என்று கேட்காமல் எந்த எண்ணையும் ஏற்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. கேஜுக்கு மேலே ஏற்கனவே நூறு மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தால் கேஜ் காட்டுவது இயற்கை ஓட்டம் இல்லை, எடுத்தது போக மிச்சம். அந்த மிச்சத்துக்குத் தாழ்வுச் சராசரி கண்டுபிடித்து, அதில் 80 சதவீதம் ஆற்றுக்கு என்று எழுதுகிறார்கள். அடுத்த பத்து வருடம் கழித்து அதிலும் குறைந்ததற்கு 80 சதவீதம். எடுத்ததைத் திரும்பக் கூட்டி இயற்கை ஓட்டத்தை மீட்டெடுக்கும் வேலை சலிப்பானதுதான், மோட்டார் எடுக்கும் அளவுக்குப் பதிவே இருக்காது, மின் கட்டணத்தையும் பயிர்ப் பரப்பையும் வைத்து மதிப்பிட வேண்டியிருக்கும். ஆனாலும் அதைச் செய்யாமல் ஐஎச்ஏவை ஓட்டுவது வீண்.

இன்னும் இரண்டு சின்ன எச்சரிக்கைகள். முன்னும் பின்னும் குறைந்தது 20 வருடப் பதிவாவது இருக்கட்டும் என்று இதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். அதை மதியுங்கள். அப்புறம், வருடத்தின் தொடக்க மாதத்தை உங்கள் ஆற்றுக்குத் தக்கபடி மாற்றிவையுங்கள். தாழ்வுக் காலத்தின் நடுவில் வருடம் முறிந்தால் ஒரே கோடை இரண்டு வருடங்களில் கணக்காகிவிடும்.

முன், பின் என்று காலத்தைப் பிரிக்கும் முறையிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது. அணைக்கு முந்தைய இருபது வருடம் நல்ல மழையாகவும் பிந்தைய இருபது வருடம் வறட்சியாகவும் இருந்திருந்தால், மழையின் குற்றமும் அணையின் தலையில் விழும். அணை இல்லாத பக்கத்து ஆற்றின் பதிவையும் அதே வருடத்தில் பிரித்துப் பார்த்தால் இது வெளிப்படும். விதியை மதிப்பிடும்போது நான் காலத்தைப் பிரிப்பதே இல்லை. ஒரே இயற்கை ஓட்டத் தொடரின் மேல் ஒவ்வொரு விதியையும் ஓட்டி, மூலத்தோடு ஒப்பிடுகிறேன். அப்போது தெரியும் வித்தியாசம் முழுக்க விதியால் வந்தது.

இதில் ஆர்விஏ (‘ரேஞ்ச் ஆஃப் வேரியபிலிட்டி அப்ரோச்’) என்ற பகுதி உண்டு. 1997-இல் சேர்ந்த யோசனை. இயற்கைக் காலத்து மதிப்புகளைத் தாழ்வு, நடு, உயர்வு என்று மூன்று சம பங்காகப் பிரித்து, பிந்தைய வருடங்கள் எந்தப் பங்கில் எத்தனை விழுகின்றன என்று எண்ணும். எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு விலகல் என்பதுதான் மதிப்பெண். மேலே சொன்ன ஆற்றில் எல்லா வருடங்களும் தாழ்வுப் பங்கில் விழுந்தால் அதற்கு +2, மற்ற இரண்டுக்கும் −1 வரும். ஒரே பார்வையில் நிலைமை புரியும், கூட்டங்களில் காட்ட மிக வசதி. ஆனால் நடுப் பங்கில் எல்லா வருடங்களும் விழுந்தால் நல்லது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேயும் மூன்றில் ஒரு பங்கு வருடங்கள்தான் விழ வேண்டும். நடுவில் மதிப்பெண் +1.5 என்று வந்தால், ஆற்றிலிருந்து வெள்ளத்தையும் வறட்சியையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள் என்று பொருள்.

வெள்ளம் என்றதும் சொல்ல வேண்டியது, 33 அளவுகள் போக இன்னும் 34 அளவுகளை இது தருகிறது. அவை ஓட்டத்தைக் கடும் தாழ்வு, தாழ்வு, சிறு பெருக்கு, சிறு வெள்ளம், பெரு வெள்ளம் என ஐந்தாகப் பிரிப்பவை. குறைந்தபட்ச ஓட்டம் என்ற ஒற்றை எண்ணில் வெள்ளத்துக்கு இடமே இல்லை, அணைக்குக் கீழே பெரும்பாலும் அதைத்தான் இழக்கிறோம். வெள்ளத்தை வேண்டுமென்றே திறந்துவிட்ட முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1996 மார்ச்சில் கிளென் கேன்யன் அணையிலிருந்து ஏழு நாட்கள் விநாடிக்கு 45,000 கன அடி திறந்தார்கள், கொலராடோ ஆற்றின் மணல்திட்டுகளை மீட்பதற்காக. அதே ஆற்றின் கடைமடையில் 2014-இல் அமெரிக்காவும் மெக்ஸிகோவும் உடன்பட்டு எட்டு வாரங்களில் சுமார் 13 கோடி கன மீட்டர் தண்ணீர் விட்டார்கள், அந்த மே மாதம் கொலராடோ கடலைத் தொட்டது. பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலான வருடங்களில் கடல் வரை போக முடியாமல் இருந்த ஆறு அது. உங்கள் ஆற்றில் சிறு வெள்ளம் இரண்டு வருடத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்ததா, இப்போது எத்தனை வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கு இல்லாமல் இப்படி ஒரு திறப்பைக் கேட்கக்கூட முடியாது. அந்தக் கணக்கை இந்தப் பகுதி தருகிறது.

ஐஎச்ஏவுக்குத் தெரியாத ஒன்று, நீர்மின் நிலையத்துக்குக் கீழே உள்ள ஆறு. மாலையில் மின் தேவை கூடும் நான்கு மணி நேரம் 600 கன அடி, மீதி இருபது மணி நேரம் 60 கன அடி என்று திறந்தால் அன்றைய சராசரி 150. மென்பொருளுக்குத் தெரிவது அந்த 150 மட்டுமே. பத்து மடங்கு ஏறி அதே வேகத்தில் இறங்கியது தெரியாது, மீன்குஞ்சுகள் கரையில் ஒதுங்கியதும் தெரியாது. தினசரி எண்களைக் கொண்டு நீர்மின் நிலையத்தின் நீர் திறப்பை ‘பாதிப்பு குறைவு’ என்று எழுதிய அறிக்கை கையில் கிடைத்தால், மணிக்கணக்கான பதிவைக் கேளுங்கள். அது இல்லாமல் அந்த வரி செல்லாது.

கங்கைக்காக இந்திய அரசு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையை இந்தக் கண்ணோடு படித்தால் நிறையப் புரியும். பனிப்பாறைகளில் தொடங்கித் தேவப்பிரயாகையில் கூடும் மூல ஆறுகளிலிருந்து ஹரித்வார் வரை நவம்பர் முதல் மார்ச் வரை 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 என்று வரும் நீரில் பங்காக வைத்திருக்கிறார்கள். ஹரித்வாருக்குக் கீழே நிலையான எண்கள்: ஹரித்வாரின் பீம்கோடா தடுப்பணையில் விநாடிக்கு 36 கன மீட்டர், மழைக்காலத்தில் 57. பங்காக வைத்த பகுதியில் ஆற்றின் ஏற்ற இறக்கம் சிறிய வடிவிலாவது மிஞ்சும். நிலையான எண் வைத்த பகுதியில் மேலே சொன்ன அந்தத் தட்டைக் கோடு வர வழி இருக்கிறது. ஒரே அறிவிக்கைக்குள் இரு வகை விதிகள் இருப்பதால், ஐஎச்ஏவில் ஓட்டிப் பழக இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று இந்த மென்பொருளைக் கேட்காதீர்கள். ஓட்டம் எவ்வளவு மாறியது என்று சொல்லும், அந்த மாற்றத்தில் எந்த மீன் போகும், எது தாங்கும் என்று சொல்லாது. அதற்கு ஆற்றில் இறங்கிப் பார்க்கிற உயிரியலாளர் வேண்டும், வலை வீசுகிறவர்களிடம் கேட்க வேண்டும். எவ்வளவு மாற்றத்தை ஏற்பது என்பதும் மக்கள் எடுக்க வேண்டிய முடிவு. தென்னாப்பிரிக்கா 1998-இன் நீர்ச் சட்டத்தில் மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிர்ச்சூழலுக்கும் உரிய தண்ணீரை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு உரிமம் என்று வைத்தது. ஆஸ்திரேலியா மர்ரே-டார்லிங் படுகையில் பாசன உரிமைகளையே விலைக்கு வாங்கி ஆற்றின் பெயரில் வைத்துக்கொள்கிறது. முதலாவதில் ஆறு வரிசையின் தலையில் நிற்கிறது, இரண்டாவதில் மற்ற உரிமைதாரர்களோடு ஒருவராக நிற்கிறது. நான் முதலாவதன் பக்கம். பற்றாக்குறை வருடத்தில் யாருக்கு முதலில் வெட்டு விழும் என்பதை எழுதாத விதியில் எப்போதும் முதலில் வெட்டப்படுவது ஆறுதான்.

யாருக்கு இந்த மென்பொருள் பொருந்தாது? கேஜே இல்லாத சிற்றோடைகளுக்கு. பக்கத்து ஆற்றின் பதிவைப் பரப்பளவு விகிதத்தில் சுருக்கி, அதை ஐஎச்ஏவில் போட்டு 33 எண்களை தசமப் புள்ளியோடு எழுதுவதில் அர்த்தமில்லை. அங்கே ரிக்டர் முதலானோர் 2012-இல் முன்வைத்த எளிய வரம்பு உதவும்: எந்த நாளிலும் இயற்கை ஓட்டத்தில் மாற்றம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் உயர்ந்த பாதுகாப்பு, 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் போனால் பாதிப்பு வரும் என்று கொள்ளலாம். தற்காலிகமாக அந்த 10 சதவீதத்தை வைத்துக்கொண்டு, இன்றே ஓர் அளவுக்கம்பை நட்டு, தினமும் படிக்க ஆள் போடுங்கள். போதுமான பதிவு சேர்ந்ததும் வரம்பைத் திருத்தலாம் என்ற நிபந்தனையை உரிமச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். தண்ணீரை நம்பி ஒருவர் கடன் வாங்கித் தோப்பு வைத்த பிறகு அவரிடமிருந்து அதைத் திரும்பக் கேட்பது மிகக் கஷ்டம், அவருக்கும் அது அநியாயம்.